வாசல் தாண்டும் வரை

எல்லாரையும் சந்தேகப்படுவதற்கு மாதச் சம்பளம் வாங்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? அவளுக்குக் கிடைத்திருந்தது. நான்கு மாடி ஜவுளிக்கடையின் வெளிவாசலில், கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் அவளுக்கென்று ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். அதில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பையை வாங்குவாள், பில்லைப் பார்ப்பாள், உள்ளே இருக்கும் துணிகளை விரலால் தள்ளித் தள்ளி எண்ணுவாள், மறுபடி ஒரு தடவை எண்ணுவாள், பில்லில் ஓட்டை போட்டுக் கொடுப்பாள். முதல் தடவை கடைக்காக, இரண்டாவது தடவை எனக்காக என்பாள். கடைப் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் எக்ஸ்ரே. முகத்துக்கு நேராகவே எக்ஸ்ரே அக்கா என்று கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

வேலையில் கெட்டிக்காரி, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். திருடுகிறவரின் கையைப் பார்க்கக் கூடாது, கழுத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவள் கண்டுபிடிப்பு. கை பொய் சொல்லப் பழகிவிடும், கழுத்து பழகாது, எச்சில் விழுங்கும்போது காட்டிக்கொடுத்துவிடும் என்பாள். சட்டைக்குமேல் சட்டை போட்டுக்கொண்டு உடை மாற்றும் அறையிலிருந்து வெளியே வருகிறவர்களை அவர்களுடைய நடையை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் உடனே பிடிக்க மாட்டாள். அதற்கு ஒரு கதை இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தடவை அவசரப்பட்டுவிட்டாள். இரண்டாவது மாடியில் ஓர் அம்மாள் போர்வையை மடித்துத் தன் பைக்குள் வைத்ததைப் பார்த்து, அங்கேயே மணிக்கட்டைப் பிடித்தாள். கல்லாவுக்குத்தான் கொண்டுபோகிறேன், கூடை கிடைக்கவில்லை என்று அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் மாடியே கூடிவிட்டது. மேனேஜர் வந்து மன்னிப்புக் கேட்டு, போர்வையை இனாமாகக் கொடுத்து அனுப்பிவிட்டு, இவளை அறைக்குள் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார்.

"வாசல் தாண்டுற வரைக்கும் அது திருட்டு இல்ல. தாண்டட்டும், அப்புறம் பிடி. அதுவரைக்கும் வாயத் தொறக்காத."

அன்றிலிருந்து அதுதான் அவளுக்கு வேதம். தெரிந்தாலும் தெரியாதமாதிரி நிற்பாள். திருடியவர் பக்கத்தில் வந்து புன்னகை செய்தால் தானும் புன்னகை செய்வாள். கதவைத் தாண்டி ஒரு கால் வெளியே வைத்த பிறகுதான் தோளில் கை வைப்பாள். கையும் களவுமாகப் பிடிப்பதில் அவளுக்கு நிகர் அந்தத் தெருவிலேயே கிடையாது என்று பெயர் வாங்கிவிட்டாள்.

இந்தக் குணம் கடையில் வந்தது மட்டும் இல்லை. கல்யாணமான புதிதில் கணவனின் முதுகில் வேறு ஏதோ சோப்பு வாசனை அடித்தது. வீட்டில் வாங்குவது அந்த சோப்பு இல்லை. உனக்கென்ன பைத்தியமா என்று கேட்காதவர்கள் பாக்கி இல்லை. கடைசியில் பார்த்தால் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் அவனுக்கு இன்னொரு வீடும், அந்த வீட்டுக் குளியலறையில் அந்த சோப்பும் இருந்தன. பெட்டியைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்தவள்தான், திரும்பிப் பார்க்கவில்லை. ஒரே ஒரு தடவை சரியாகப் போய்விட்ட சந்தேகம் மனுஷியைக் கெடுக்கிற மாதிரி வேறு எதுவும் கெடுக்காது. அதன்பிறகு அவள் எதைச் சந்தேகப்பட்டாலும், சோப்பு விஷயத்தில் நான் சொன்னது என்னாச்சு என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வாள். வழக்கு முடிந்துவிடும்.

தம்பி பார்சல் லாரி ஓட்டுகிறவன். போனால் வாரக்கணக்கில் வீட்டுப் பக்கம் வரமாட்டான். அவன் மனைவி கைக்குழந்தையை விட்டுவிட்டுக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். குழந்தை அத்தையின் இடுப்பில் வளர்ந்தது. வாய் ஓயாத, கால் ஓயாத பெண்பிள்ளை. வாண்டு என்று அத்தை கூப்பிட ஆரம்பித்து, அதுவே தெரு முழுக்கப் பெயராகிவிட்டது. மாடிப்படியில் ஏறும்போது இரண்டிரண்டு படியாகத் தாவும், இறங்கும்போது கைப்பிடிச் சுவரில் சறுக்கும்.

வாண்டு பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு தம்பி இரண்டாவது கல்யாணம் செய்துகொண்டான். வந்தவள் பியூட்டி பார்லரில் வேலை செய்கிறவள். அதிகம் பேச மாட்டாள். முகத்தில் எதுவும் காட்ட மாட்டாள். அதுவே அத்தைக்குப் போதுமானதாக இருந்தது. ஊரார் முகத்தையெல்லாம் மாற்றிக் காட்டுவதையே தொழிலாக வைத்திருப்பவளை எப்படி நம்புவது என்று கடையில் போய்ச் சொன்னாள். வீட்டில் அவளை நேரில் கூப்பிட வேண்டி வந்தால் "ஏம்மா" என்பாள். மனசுக்குள் பார்லர்காரி.

காலையில் வாண்டுவைக் குளிப்பாட்டுவது அத்தை. குளிப்பாட்டித் துவட்டி உட்கார வைத்துவிட்டுக் கடைக்கு ஓடுவாள். உடுத்தி, தலைவாரி, பள்ளிக்கூடத்தில் விட்டு, சாயங்காலம் கூட்டிக்கொண்டு வருவது சித்தி. பார்லர் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துத் தெருவிலேயே இருந்தது. அத்தை வீடு திரும்பும்போது விளக்கு வைத்திருப்பார்கள். நடுவில் இருக்கும் அந்த நேரத்தைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள்.

முதல் கன்றல் கணுக்காலுக்குமேல் இருந்தது. குழந்தை என்றால் விழத்தான் செய்யும், அதுவும் வாண்டு. அத்தை தண்ணீரை ஊற்றிவிட்டு விட்டுவிட்டாள். பிறகு தொடையில் ஒன்று, நாவல் பழத்தை நசுக்கிவைத்தமாதிரி. பிறகு முதுகில். முதுகில் எப்படி விழுந்தாய் என்று கேட்டால் வாண்டு தெரியாது என்றது. கேட்கும்போது அது சமையலறைப் பக்கம் பார்த்ததை அத்தை கவனித்துவிட்டாள். சமையலறையில் நின்றது யார்? ராத்திரி தன் பக்கத்தில்தான் படுக்கிறது, காலையில் குளிக்கும்போது புதிதாக ஒன்று இருக்கிறது. அப்படியென்றால் சாயங்காலம் நடக்கிறது. சாயங்காலம் வீட்டில் யார் இருக்கிறார்கள்? சோப்பு விஷயத்தைவிடச் சுலபமான கணக்கு.

தம்பிக்குப் போன் செய்து சொல்லியிருக்கலாம். சித்தியிடம் நேராகக் கேட்டிருக்கலாம். வேறு யாராவது அப்படித்தான் செய்திருப்பார்கள். அவளோ வாசல் தாண்டட்டும் என்று காத்திருந்தாள். இப்போது கேட்டால் விழுந்திருக்கும் என்பாள், அதன்பிறகு உஷாராகிவிடுவாள், தடயம் இல்லாத இடத்தில் கிள்ளுவாள். அதனால் கண்ணில் விளக்கெண்ணெயை ஊற்றிக்கொண்டு வேவு பார்த்தாள். சித்தியின் நகங்களைப் பார்த்தாள். ஒட்ட வெட்டியிருந்தன. பார்லர் வேலைக்கு அப்படித்தான் வெட்டியாக வேண்டும் என்பது யாருக்கும் தெரியும். அத்தைக்கோ தடயத்தை அழிக்கிறாள் என்று தோன்றியது. சித்தி குழந்தையிடம் அன்பாகப் பேசினால் நடிக்கிறாள், பேசாவிட்டால் வெறுக்கிறாள். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் பலமாகக் கேட்டால் இன்றைக்குக் குழந்தையை ஏதோ செய்யப்போகிறாள். பாவம், அந்தப் பெண் மூச்சு விட்டாலும் குற்றம்தான்.

இதற்கிடையில் வாண்டு மாறிக்கொண்டிருந்தது. படியேற மாட்டேன் என்று கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டு தூக்கச் சொன்னது. கால் வலிக்கிறது என்றது. சித்தி தூக்கித் தூக்கிக் கெடுத்துவிட்டாள் என்று அத்தை பல்லைக் கடித்தாள். பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தது, மட்டமான பிரஷ் வாங்கிக்கொடுத்திருக்கிறாள் என்று பிரஷை மாற்றினாள். முழங்காலுக்குக் கீழே ஊசி முனையால் குத்தினமாதிரி சிவப்புப் புள்ளிகள் வந்தன, கொசு என்று வலை கட்டினாள். எல்லாமே அவள் கண்ணில் பட்டது. ஒன்றும் விட்டுப்போகவில்லை. அத்தனையையும் கொண்டுபோய் அந்த ஒரே ஆளின் கணக்கில் எழுதினாள், அவ்வளவுதான் தப்பு.

கடையில் அவளுக்கு வார விடுமுறையான ஒரு நாளில் மழை பிடித்துக்கொண்டது. அத்தைக்கு மூக்கில் வியர்த்தது. சொல்லாமல் கொள்ளாமல் பள்ளிக்கூடத்துக்குப் போய், சித்தி வருவதற்குள் தானே வாண்டுவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். குடை ஒன்றுதான், குழந்தை நனைந்துவிட்டது. ஒரு கடை ஓரத்தில் ஒதுங்கி, பையிலிருந்த வெள்ளைத் துண்டால் கழுத்தையும் கையையும் துடைத்தாள். துண்டில் தோல் நிறத்தில் ஏதோ பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வந்தது. துடைத்த இடத்தில், முழங்கைக்குமேல், பச்சையும் நீலமுமாக ஒரு கன்றல். மறுபடி துடைத்தாள். கழுத்தோரத்தில் இன்னொன்று. யாரோ அழகாக, கைதேர்ந்த வேலையாக, பூசி மறைத்திருந்தார்கள்.

யாரோ என்ன யாரோ. அத்தைக்கு அந்த நேரத்தில் ஏற்பட்டது கோபம்கூட இல்லை. வெற்றி என்றுதான் சொல்ல வேண்டும். வாசல் தாண்டியாயிற்று. குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மழையில் நேராக பார்லருக்கு நடந்தாள். இடுப்பில் குழந்தையின் கனம் குறைந்திருந்ததை உணர்ந்தாள். அதையும் அவள் கணக்கில் சேர்த்துக்கொண்டாள், பட்டினி போடுகிறாள் என்று.

பார்லரில் ஒரு பெண்மணி முகம் முழுக்கக் களிம்பு பூசிக்கொண்டு கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். சித்தி கிண்ணத்தில் எதையோ கலக்கிக்கொண்டிருந்தாள். அத்தை துண்டை விரித்துக் காட்டினாள். சித்தி அதைப் பார்த்தாள், வாண்டுவைப் பார்த்தாள், கிண்ணத்தை வைத்துவிட்டுப் பின்னால் கை கழுவும் அறைக்குப் போனாள். அத்தை விடாமல் பின்னால் போனாள்.

"இது என்னது?"

"தழும்ப மறைக்கிற கிரீம்."

"யார மறைக்க?"

சித்தி தலை நிமிர்ந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அத்தையை நேருக்கு நேர் பார்த்தது அன்றுதான்.

"உங்களத்தான் அண்ணி."

அத்தைக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. சித்தி மெதுவாகச் சொன்னாள். நீங்கள் குளிப்பாட்டி உட்கார வைத்துவிட்டுப் போன பிறகுதான் நான் குழந்தையைப் பார்க்கிறேன், தினமும் ஒரு புதுத் தடம் இருக்கிறது, கேட்டால் குழந்தை தெரியாது என்கிறது, உங்களுக்குக் கோபம் வந்தால் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும், உங்கள் தம்பியிடம் சொன்னால் வளர்த்த அக்காவை நம்புவாரா, நேற்று வந்த என்னை நம்புவாரா, பள்ளிக்கூடத்தில் டீச்சர் பார்த்தால் சித்திக்காரி என்று என்னைத்தானே சொல்வார்கள்.

"காலைல பூசி அனுப்புவேன், சாயங்காலம் நீங்க வர்றதுக்குள்ள கழுவிடுவேன். தப்புன்னு தெரியும். ஆனா வேற வழி தெரியல."

"நான் அடிக்கிறேன்னா நெனச்ச? நானா?"

"நீங்க என்ன நெனச்சீங்க?"

தொழில் பழக்கத்தில் அத்தையின் கண் சித்தியின் கழுத்துக்குப் போயிற்று. பார்த்தாள். மறுபடி பார்த்தாள். அது எச்சில் விழுங்கவில்லை, இறுகவில்லை. சும்மா ஒரு பெண்ணின் கழுத்தாக இருந்தது. இவள் இல்லை. நானும் இல்லை. அப்படியென்றால்?

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாண்டுவைத் திரும்பிப் பார்த்தார்கள். அது முகம் கழுவும் தொட்டியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. சித்தி ஒரு பஞ்சை நனைத்து அதன் முகத்தைத் துடைத்தாள். கன்னத்திலும் உதட்டிலும் கொஞ்சம் சிவப்பு போட்டிருக்கிறாள், சோர்ந்து தெரிகிறதே என்று. துடைக்கத் துடைக்க அந்த நிறம் எல்லாம் பஞ்சுக்கு வந்தது. கண்ணாடியைச் சுற்றி எரிந்த பெரிய விளக்குகளின் வெளிச்சத்தில் வாண்டுவின் முகம் வெளுத்த துணி போல இருந்தது. உதடு தெரியவில்லை. ஈறும் வெள்ளை.

"கால் வலிக்குதுன்னு சொன்னேன்ல," என்றது வாண்டு. "ரெண்டு பேர்கிட்டயும் சொன்னேன்."

களிம்பு பூசியிருந்த பெண்மணி, என்னம்மா, மூஞ்சி காயுது என்று முன்னறையிலிருந்து கூப்பிட்டாள். யாருக்கும் காதில் விழவில்லை. சித்தி மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டாள், அத்தை குடையைப் பிடித்தாள்.

ஆஸ்பத்திரியில் இளவயது லேடி டாக்டர் வாண்டுவின் கையையும் முதுகையும் பார்த்துவிட்டு இவர்கள் இருவரையும் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை அத்தைக்கு நன்றாகத் தெரியும். பல வருடமாக அவள் மற்றவர்களைப் பார்த்த பார்வை. குழந்தையோடு தனியாகப் பேச வேண்டும், கொஞ்சம் வெளியே இருங்கள் என்றார் டாக்டர். வெளியே நீளப் பெஞ்சு. அத்தை உட்காரவில்லை, சுவரோரம் நின்றாள். பையைத் திறந்து காட்டச் சொன்னபோது ஒன்றும் எடுக்காதவர்கள்கூட ஏன் வியர்த்து நின்றார்கள் என்று அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது. பக்கத்தில் நின்ற சித்தியின் விரல்கள் அவள் விரல்களைத் தொட்டன. எடுத்துவிடவில்லை.

யாரும் அடிக்கவில்லை, கால்தான் வலிக்கிறது என்று வாண்டு சொல்லியிருந்தது. ரத்தம் எடுத்தார்கள். அந்த முடிவு வந்ததும் டாக்டரின் பார்வை மாறிவிட்டது. சந்தேகம் போய் அந்த இடத்தில் இரக்கம் வந்திருந்தது. அத்தைக்கு முந்தைய பார்வையே தேவலை என்றிருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே இடுப்பெலும்பில் ஊசி போட்டு உள்ளிருந்து எடுத்துப் பார்த்தார்கள். கண்ணாடி போட்ட பெரிய டாக்டர் இவர்களை உட்கார வைத்து விளக்கினார். லாரியைப் பாதி வழியில் வேறொருவனிடம் விட்டுவிட்டு ஓடிவந்த தம்பியும் இருந்தான். எலும்புக்குள் ரத்தம் உற்பத்தியாகும் இடத்தில் முற்றாத வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகிவிட்டன, அவை இடத்தை அடைத்துக்கொண்டதால் நல்ல ரத்தத்துக்கு வழியில்லை, ரத்தம் உறைவதற்கான தட்டணுக்களும் இல்லை, அதனால்தான் தொட்டாலே கன்றுகிறது, கால் வலியும் அதனால்தான். ரத்தப் புற்றுநோய். குழந்தைகளுக்கு வருவதில் இதுதான் அதிகம், குணமாகிறவர்களும் நிறைய. வருடக்கணக்கில் மருந்து வேண்டும்.

தம்பி சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். அத்தை ஒரு கேள்விதான் கேட்டாள். முதல் கன்றலைப் பார்த்த அன்றைக்கே கொண்டு வந்திருந்தால்? டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, வைத்தியம் மாறியிருக்காது, நோயும் மாறியிருக்காது என்றார். ஆனால் இவ்வளவு குறைந்த தட்டணுக்களோடு ஒரு நாள் தலையில் அடிபட்டிருந்தால் பிழைத்திருக்காது, படியில் விழாமல் இருந்தது உங்கள் அதிர்ஷ்டம். கைப்பிடிச் சுவரில் சறுக்கும் குழந்தை. அத்தை அந்தச் சுவரை நினைத்துக்கொண்டாள். அதன்பிறகு எத்தனையோ தடவை தூக்கத்திலும் அந்தச் சுவர் வந்தது.

ஆஸ்பத்திரியில் அவள் சந்தேகம் குறைந்ததா என்றால், குறையவில்லை. இடம் மாறியது, அவ்வளவுதான். சொட்டுச் சொட்டாக இறங்கும் பாட்டிலைச் சந்தேகித்தாள், கை கழுவினேன் என்று சொன்ன நர்ஸின் கை ஈரமாக இருக்கிறதா என்று பார்த்தாள், வார்டு வாசலில் நின்றுகொண்டு தும்மிய உறவுக்காரர்களையெல்லாம் வந்த வழியே திருப்பி அனுப்பினாள். ஒரு நாள் வாண்டுவின் சிறுநீர் சிவப்பாகப் போனதைப் பார்த்து, ரத்தம் போகுது, மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று வார்டையே இரண்டாக்கினாள். சிவப்பு மருந்து ஏற்றினால் அப்படித்தான் போகும் என்று நர்ஸ் முந்தின நாளே சித்தியிடம் சொல்லிவைத்திருந்தாள். அத்தை அசடு வழிய வந்து உட்கார்ந்ததைப் பார்த்து வாண்டு சிரித்தது. பல நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அது சிரித்தது. அதற்காக இன்னொரு தடவை அசடு வழியவும் அவள் தயாராக இருந்தாள்.

முடி கொட்ட ஆரம்பித்ததும் சித்தி பார்லரிலிருந்து கத்தரியும் துணியும் கொண்டுவந்தாள். கழுத்தில் துணியைச் சுற்றி, மேடத்துக்கு எப்படி வேணும் என்று கேட்டாள். மொட்டையா, ஆனா ஸ்டைலா என்றது மேடம். அத்தை பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாயைப் பொத்தி அழுதாள். வெளியே வந்தபோது சித்தியும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காதமாதிரி தரையில் கிடந்த முடியைக் கூட்டினார்கள். ஏம்மா என்பது எப்போது போய், நீ சாப்பிட்டியா என்பது எப்போது வந்தது என்று இருவருக்கும் நினைவில்லை.

பெரிய டாக்டர் ஒரு நாள் நல்ல செய்தி கொண்டுவந்தார். இப்போது பரிசோதித்ததில் நோய் தெரியவில்லை. தம்பி அவர் காலில் விழப்போனான். அத்தை மட்டும் நின்ற இடத்தில் நின்றாள்.

"தெரியலையா, இல்லையா?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "தெரியல. அதனாலதான் மருந்த நிறுத்தல."

அவர் மழுப்பாமல் சொன்னது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் அந்தச் சொல் அவளோடு வீட்டுக்கு வந்துவிட்டது. தெரியவில்லை என்றால் இருக்கலாம். உள்ளே எங்கேயோ, எந்த எலும்பின் எந்த மூலையிலோ, சட்டைக்குமேல் சட்டை போட்டுக்கொண்டு ஒன்று ஒளிந்திருக்கலாம். அதற்குக் கழுத்து இல்லை, பார்த்துக் கண்டுபிடிப்பதற்கு. வேலைக்குத் திரும்பினாள், பைகளை எண்ணினாள், மேனேஜர் முன்போலப் புகழ்ந்தார். அவளுக்கோ ஒரு பயம்தான். ஒரு கன்றல், மறுபடி ஒரே ஒரு கன்றல், அது வந்துவிடுமோ. தினமும் காலையில் குளிப்பாட்டும்போது தலையிலிருந்து பாதம் வரை ஒரு தடவை பார்ப்பாள், மறுபடி ஒரு தடவை பார்ப்பாள். வாண்டு வளர்ந்து, எனக்கே குளிக்கத் தெரியும் என்று கதவைச் சாத்திக்கொண்ட பிறகும், கையைக் காட்டு, காலைக் காட்டு என்று வாசலில் நிற்பாள். வாண்டு அலுத்துக்கொண்டே பில்லைக் காட்டுவதுபோலக் காட்டிவிட்டுப் போகும்.

மருந்துகள் முடிந்தன. முடி அடர்த்தியாக வளர்ந்து, சித்தி இரட்டைப் பின்னல் போடுகிற அளவுக்கு வந்தது. படியில் மறுபடியும் தாவல். பரிசோதனைக்குப் போகிற இடைவெளியை டாக்டர் நீட்டிக்கொண்டே போனார். அத்தை மட்டும் அதையும் சந்தேகித்தாள்.

ஒரு சாயங்காலம் கடையிலிருந்து வந்தாள். வாண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தது. கை உயர்த்தியபோது சட்டைக்கை மேலே ஏறியது. மேல்கையில் நீலமாக ஏதோ தெரிந்தது. அத்தையின் கையிலிருந்த பை கீழே விழுந்தது. வாசல் தாண்டட்டும் என்று நிற்கிற பழக்கமெல்லாம் எங்கே போயிற்றோ, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து சட்டைக்கையைத் தூக்கினாள். கன்றல்தான். புதுசு. அதன்மேல் எதுவும் பூசியிருக்கவில்லை. சித்தியைப் பெயர் சொல்லி, பெயர் முழுவதும் வாயில் வராமல், கூப்பிட்டாள்.

சித்தி சமையலறை வாசலில் வந்து நின்றாள். முகம் பேயறைந்தமாதிரி இருந்தது. நின்றபடியே சொன்னாள்.

"நான்தான் அண்ணி."

பள்ளிக்கூடத்து வாசலில் பையைத் தூக்கி எறிந்துவிட்டு ரோட்டுக்குக் குறுக்கே ஓடிவிட்டது, மோட்டார் சைக்கிள் ஒன்று உரசிக்கொண்டு போயிற்று, எட்டிப் பிடித்து இழுத்தேன், இழுத்த பிறகும் விடவில்லை, கோபத்தில் கையை அழுத்திப் பிடித்து உலுக்கிவிட்டேன், அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை, மறைக்கக் கூடாது என்று அப்படியே விட்டிருக்கிறேன், என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள் என்றாள். வாண்டு, ஆமா அத்தை, செம்மையா வலிச்சுது என்று புகார் சொன்னது.

அத்தை தரையில் உட்கார்ந்து, வாண்டுவின் கையை விளக்கு வெளிச்சத்துக்குத் திருப்பினாள். வெளிப்பக்கம் வரிசையாக நான்கு தடங்கள். உள்பக்கம் தனியாக ஒன்று, கொஞ்சம் அகலமாக. வருடங்களுக்கு முன்னால் தினமும் காலையில் இந்தத் தடத்தைத்தான் அவள் தேடினாள். இது ஒரு நாள் கண்ணில் பட்டுவிட வேண்டும், இவளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று எப்படித் துடித்திருக்கிறாள். அப்போது ஒரு தடவைகூட விரல் தெரியவில்லை.

"இங்க வா. உன் கைய வை."

சித்திக்குப் புரியவில்லை. பயந்துகொண்டே வந்து உட்கார்ந்தாள். அத்தை அவள் கையைப் பிடித்து, ஒவ்வொரு விரலாக, அந்தத் தடங்களின்மேல் பொருத்தினாள். சுண்டு விரல் சரியாக உட்கார்ந்தது. மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல். கட்டைவிரலை உள்பக்கம் கொண்டுபோனாள். அதுவும் உட்கார்ந்தது. ரத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு வந்த எதுவும் இல்லை. மனுஷக் கை. கோபம் வந்த, பயந்துபோன, வீட்டுப் பெண் ஒருத்தியின் கை.

அத்தைக்கு உயிர் போய் உயிர் வந்தது. சித்தியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நல்லவேளை நீதான், நல்லவேளை நீதான் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். எனக்கு வலிச்சதுக்கு இவங்க ரெண்டு பேரும் ஏன் கட்டிப்பிடிச்சுக்கிறாங்க என்று வாண்டு பென்சிலைக் கடித்துக்கொண்டு பார்த்தது.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை நிமிர்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாண்டுவின் கையை மறுபடியும் வெளிச்சத்துக்கு இழுத்தாள்.

"இன்னொரு தடவ வை."